அனுப்பிய தாய், ஒளித்த தாய்

ஹாம்பர்க்கின் டாம்டோர் ரயில் நிலையத்திலிருந்து ஸ்டெபான்ஸ்பிளாட்ஸ் பக்கமாக நடந்தால் சில நிமிடங்களில் ஒரு பெருங்கல் எதிர்ப்படும். கட்டைபோல் நிற்கும் சுண்ணாம்புக் கல் அது. அதைச் சுற்றி இரும்புத் தொப்பி அணிந்த சிப்பாய்கள் நால்வர் நால்வராக நடந்துகொண்டே இருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்த 76ஆம் காலாட்படைப் பிரிவினருக்காக 1936இல் நிறுவப்பட்ட நினைவுச் சின்னம். சிற்பி ரிச்சர்ட் குவோல். அந்தக் கல்லில் ஒரு கவிதை வரியும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் வாழ்வையும் சிப்பாயின் சாவையும் ஒரே முடிச்சில் கட்டிவிடும் வரி. எழுதியவர் ஹைன்ரிஷ் லெர்ஷ். மோன்ஷென்கிளாட்பாக் நகரத்துக் கொதிகலன் தொழிலாளி. எழுதிய ஆண்டு 1914.

மதுரைப் பக்கத்திலிருந்து 2003இல் ஹார்புர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க வந்தவன் நான். இப்போது கணினித் துறையில் ஆலோசகன். வாரத்தில் மூன்று நாள் அந்தக் கல்லைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். பள்ளியில் புறநானூறு படித்தவனுக்கு இப்படியொரு கல் புதிதல்ல. நடுகல் என்ற சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஒவ்வொரு படியையும் தொல்காப்பியம் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. வீரனுக்குக் கல், கல்லில் சொல் என்ற வழக்கம் நமக்கு அவ்வளவு பழையது.

அந்தக் கல்லைக் கடந்து போய்வந்த ஆண்டுகளில்தான் நான் ஜெர்மன் போர்க் கவிதைகளையும் ஈழப் போர்க் கவிதைகளையும் ஒன்றாக வைத்து வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க அவை இரண்டு குவியல்களாகப் பிரிந்தன. ஒன்று போருக்கு அனுப்பும் கவிதை. மற்றது, போனவர் திரும்பாதபோது மிஞ்சியவர்களோடு உட்கார்ந்திருக்கும் கவிதை. முதல் வகைக்குக் கல் கிடைக்கிறது. இரண்டாவது வகைக்குப் பல நேரங்களில் தாள்கூட மிஞ்சுவதில்லை.

*

1914 ஆகஸ்டில் ஜெர்மனியில் கவிதை வெள்ளம் புரண்டது. அந்த ஒரு மாதத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 போர்க் கவிதைகள் எழுதப்பட்டிருக்கலாம் என்று யூலியுஸ் பாப் என்ற விமர்சகர் மதிப்பிட்டார். ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், மாணவர்கள், பாதிரியார்கள் எல்லாரும் எழுதினார்கள். இங்கிலாந்தை வெறுத்து ஒரு பாட்டு எழுதியதற்காக எர்ன்ஸ்ட் லிசாவர் கைசரிடம் விருது பெற்றார். பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். போர் தோல்வியை நோக்கிப் போனதும் அதே பாட்டுக்காக அவரை ஒதுக்கினார்கள். யூதரான அவர் 1937இல் வியன்னாவில் இறந்தார்.

லெர்ஷின் கதை வேறு. உழைப்பாளிகளின் கவிஞர் என்று பெயர் எடுத்தவர். 1933இல் ஹிட்லருக்கு விசுவாச உறுதி கூறிய 88 எழுத்தாளர்களில் ஒருவரானார். அவருடைய வரி கல்லேறிய 1936ஆம் ஆண்டிலேயே இறந்தும் போனார். முதல் போருக்கு ஆள் அனுப்ப எழுதிய வரி இரண்டாவது போருக்கும் ஆள் அனுப்பத் தயாராக நின்றது. கவிஞருக்கு வயது முடிந்தாலும் வரிக்கு முடிவதில்லை.

அதே 1914இல் போருக்குப் போன இன்னொருவர் ஆகுஸ்ட் ஸ்ட்ராம். 1874இல் முன்ஸ்டரில் பிறந்தவர். தபால் துறை அதிகாரி. முனைவர் பட்டம் பெற்றவர். ரிசர்வ் படையில் கேப்டன். அவருடைய போர்க் கவிதைகளில் நாடு இல்லை, கொடி இல்லை. வாக்கியமே உடைந்து கிடக்கிறது. ஒரு வினைச்சொல், அடுத்து ஒரு பெயர்ச்சொல், பிறகு வெறும் மூச்சு. ஹெர்வார்ட் வால்டன் நடத்திய ‘டெர் ஸ்டுர்ம்’ இதழில் அவை வந்தன. 1915 செப்டம்பர் 1 அன்று கிழக்குப் போர்முனையில் ஸ்ட்ராம் கொல்லப்பட்டார். அவர் பெயரைக் கேட்டால் என் ஜெர்மன் சக ஊழியர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. லெர்ஷின் பெயரும் தெரியவில்லை. ஆனால் லெர்ஷின் வரி எல்லாருக்கும் தெரியும்.

*

அந்த வரியை ஹாம்பர்க் என்ன செய்தது என்பது தனிக் கதை. இடிக்க வேண்டும் என்று பலமுறை குரல் எழுந்தது. நகரம் இடிக்கவில்லை. பெயின்ட் வீசினார்கள், துடைத்தார்கள், மறுபடி வீசினார்கள். 1980களின் தொடக்கத்தில் ஸ்லைம் என்ற உள்ளூர் பங்க் இசைக்குழு அந்த வரியைத் தலைகீழாகத் திருப்பிப் பாட்டாக்கியது. நாட்டை இழிவுபடுத்தும் பாட்டு என்று வழக்குகள் வந்தன. 2000 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அது கலை என்று தீர்ப்புச் சொன்னது. நெசவாளர்களைப் பற்றிய ஹைனேயின் பழைய கவிதையையும் தீர்ப்பு நினைவூட்டியது. நீதிபதிகள் கவிதை விமர்சனம் எழுத வேண்டி வந்த சந்தர்ப்பம் அது.

கல்லுக்கு மறுமொழியாக இன்னொரு சின்னம் வைப்பது என்று நகரம் தீர்மானித்தது. ஆஸ்திரியச் சிற்பி அல்ஃப்ரெட் ஹிர்ட்லிட்ஸ்கா நான்கு பகுதிகள் செய்வதாக இருந்தது. 1985இலும் 1986இலும் இரண்டு முடிந்தன. ஒன்று 1943 கோடையில் நேசநாடுகளின் குண்டுவீச்சில் ஹாம்பர்க் எரிந்ததைப் பற்றியது. மற்றது காப் அர்கோனா கப்பலோடு மூழ்கிய வதைமுகாம் கைதிகளைப் பற்றியது. மீதி இரண்டு வரவேயில்லை. மறுமொழி பாதியில் நிற்கிறது.

2015இல் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று வந்தது. போரிலிருந்து ஓடியவர்களுக்கும் ஹிட்லர் கால ராணுவ நீதிமன்றங்கள் தண்டித்த மற்றவர்களுக்கும் எழுப்பிய நினைவிடம். வடிவமைத்தவர் ஃபோல்கர் லாங். அதன் இரண்டு சுவர்கள் வெண்கல எழுத்துகளாலானவை. ஹெல்முட் ஹைசன்புட்டல் எழுதிய ‘ஜெர்மனி 1944’ என்ற கவிதையின் சொற்கள். அந்தக் காலத்தில் புழங்கிய பேச்சுகளையும் எழுத்துகளையும் துண்டு துண்டாக எடுத்துக் கோத்த கவிதை அது. எழுதியவர் 1941இல் ரஷ்யப் போர்முனையில் இடது கையை இழந்தவர்.

ஆக ஒரே சாலையோரத்தில் இரண்டு போர்க் கவிதைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. அனுப்பிய கவிதை கல்லில். ஓடியவனுக்கான கவிதை வெண்கலத்தில். இரண்டாவது வந்து சேர முதலாவதற்குப் பிறகு 79 ஆண்டுகள் ஆயின. ஓடிய சிப்பாய்கள்மீதான தீர்ப்புகளை ஜெர்மன் நாடாளுமன்றம் ரத்து செய்ததே 2002இல்தான்.

*

ஓடியவனுக்கு ஒரு நினைவிடம் என்பது நம் புறப்பாடல்களை மனப்பாடம் செய்தவனை உலுக்கும். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278ஆம் பாட்டை மறந்த தமிழ் மாணவர் குறைவு. மகன் களத்தில் புறமுதுகிட்டான் என்று யாரோ சொல்ல, கிழவி வாளோடு களத்துக்குப் போகிறாள். சொன்னது உண்மையென்றால் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்பது அவள் சபதம். உடல் சிதைந்து கிடக்கும் மகனைப் பார்த்ததும் அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்கிறாள். அடுத்த பாட்டில் ஒக்கூர் மாசாத்தியாரின் தாய், தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பிறகும் இருக்கும் ஒரே மகனின் தலையை வாரி அனுப்புகிறாள். பொன்முடியாரின் தாய் பெற்று வளர்ப்பதைத் தன் கடமையாக எண்ணிக் கணக்குச் சொல்கிறாள். எங்கள் ஆசிரியர்கள் இந்த மூன்று தாய்மாரையும் மேசையைத் தட்டித்தான் நடத்தினார்கள்.

1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த அதே நூலில் வேறு பாட்டுகளும் இருக்கின்றன. கழாத்தலையாரின் 62ஆம் பாட்டில் சேரனும் சோழனும் ஒரே களத்தில் செத்துக் கிடக்கிறார்கள். வென்றவன் யாருமில்லை. வன்பரணரின் பெண், காட்டில் கணவனின் உடலோடு தனியாக இருக்கிறாள். தூக்கி நிழலுக்குக் கொண்டுபோக அவளுக்கு வலு போதவில்லை. 256இல் இன்னொருத்தி குயவனிடம், தானும் சேர்ந்து அடங்கும்படி பெரிய தாழியாகச் செய்யச் சொல்கிறாள். அந்தப் பாட்டைப் பாடியவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

கோவூர் கிழார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டிருந்தபோது, இருவரும் சூடியிருப்பது ஒரே ஆத்திமாலை, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று இருவருக்கும் நடுவில் நின்று சொன்னார். மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடவிருந்த கிள்ளிவளவனைத் தடுத்தார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்த குழந்தைகள் இவர்கள் என்று காட்டினார். ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுக் கொலைக்கு நின்ற இளந்தத்தன் என்ற புலவனையும் காப்பாற்றினார். தன் அரசனிடமே போய் நிறுத்து என்று சொன்ன போர்க் கவிதை இது.

புறநானூற்றைத் தொகுத்தவர் யாரென்று தெரியாது. ஆனால் அனுப்பிய தாயையும் தாழி கேட்ட பெண்ணையும் ஒரே கட்டில் வைக்க அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஹாம்பர்க் 79 ஆண்டு எடுத்துச் செய்த வேலை அந்த ஏட்டுக்கட்டில் ஏற்கெனவே முடிந்திருக்கிறது. பாடநூலுக்காகத் தேர்ந்தெடுத்தபோதுதான் ஒரு பக்கம் விடுபட்டது.

*

ஈழத்தின் போர்க் கவிதையும் இரண்டு பக்கமும் கொண்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எம்.ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ எழுதினார். 1985இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பில் 31 கவிஞர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ கொண்டுவந்தது. அதில் எழுதியவர்களில் ஒருவர் சிவரமணி. எதிரியின் துப்பாக்கியைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அவருக்குச் சிக்கல் இருந்திருக்காது. தன் தெருவிலேயே குறைந்துகொண்டிருந்த பேச்சுரிமையைப் பற்றியும் எழுதினார். 1991 மே மாதம் தன் கையில் இருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். நண்பர்களிடம் சிதறியிருந்தவை மட்டும் நூலாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமான செல்வியை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள். 1992இல் பென் அமைப்பு அவருக்கு விருது அறிவித்தது. வாங்க அவர் வரவில்லை.

அனுப்பும் கவிதையின் பெரிய குரல் புதுவை இரத்தினதுரை. துயிலும் இல்லங்களில் ஒலித்த பாடல் அவருடையது. அவர் சொல்லில் வலு இருந்தது. அதை மறுத்துப் பேச முடியாது. 2009 மே மாதம் ராணுவத்திடம் சரணடைந்தவர்களில் அவரும் ஒருவர். அதன் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. ஒரு கவிஞர் தானே தன் தாள்களுக்குத் தீ வைத்தார். ஒருவர் தன் மக்களின் பெயரால் பேசியவர்களிடம் காணாமல் போனார். ஒருவர் அரசிடம் காணாமல் போனார்.

இந்த இரண்டாவது வகைக் கவிதைகளுக்குக் கொஞ்ச காலம் இடம் கொடுத்தது ஜெர்மனி. அகதிகளாக வந்து உணவக அடுக்களையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர்கள் 1988இல் ஹேர்ண நகரில் இலக்கியச் சந்திப்பைத் தொடங்கினார்கள். 1990இல் பெண்கள் சந்திப்பு தொடங்கியது. ஊரில் உரக்க வாசிக்க முடியாததை இங்கே வாசித்தார்கள். அதற்கும் ஏச்சும் மிரட்டலும் வந்தன. அந்த இதழ்களில் பலவற்றை இன்று எண்ணிம நூலகத்தில் திறந்தால் கையெழுத்துப் படி எடுத்த பக்கங்களின் மை இன்னும் பரவிக் கிடக்கிறது.

*

எங்கள் குடியிருப்பில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் இருக்கிறது. மகள் இங்கேயே பிறந்தவள், சட்டம் படிக்கிறாள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், பேச்சில் தடையில்லை. போன ஆண்டு நவம்பரில் ஒரு நிகழ்வில் கவிதை வாசிக்கக் கேட்டிருந்தார்கள். என்னிடம் புத்தகங்கள் இருப்பது தெரிந்து வந்தாள்.

“அங்கிள், என்ர மாமாவுக்கு வாசிக்க ஒரு கவிதை வேணும்.”

“மாமா போராளியாம்மா?”

“இல்லை. அதுதான் பிரச்சினை. ஆள் பிடிக்க வருவினம் எண்டு அம்மம்மா அவரை வீட்டுக்குப் பின்னால கிடங்கு வெட்டி ஒளிச்சு வைச்சவ. எட்டு மாசம். பிறகு இடம்பெயரேக்க செல் விழுந்து செத்தவர். எல்லாப் பாட்டும் சண்டை பிடிச்சவைக்குத்தான் இருக்கு.”

எங்கள் ஊரில் கிடங்கு என்றால் சரக்கு வைக்கும் இடம். அவர்களுக்கு அது குழி. ஒரு தாய் மகனை உயிரோடு காக்க வெட்டிய குழி.

நான் அலமாரியில் இருந்த தொகுப்புகளை எல்லாம் இறக்கினேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து புரட்டினோம். குண்டு விழுந்த வீடு இருந்தது. காணாமல் போன மகன் இருந்தான். அகதி முகாம் இருந்தது. அவள் அம்மம்மாவுக்கு அருகில் வந்த கவிதைகள் இருந்தன. ஆனால் நாங்கள் புரட்டிய பக்கங்களில் அம்மம்மா இல்லை. அவர் 278ஆம் பாட்டின் கிழவிக்கு நேர் எதிரில் நிற்பவர். மகன் ஓடவில்லை என்று மகிழ்ந்தவள் அந்தக் கிழவி. மகன் ஓட வேண்டும், ஒளிய வேண்டும், எப்படியாவது இருக்க வேண்டும் என்று மண்வெட்டி எடுத்தவர் இவர். வன்னியில் இவரைப் போன்ற தாய்மார் ஒருவர் இருவர் அல்லர். ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை கட்டாய ஆள்சேர்ப்பையும் சொல்கிறது, பாதுகாப்பு வலயங்கள் என்று அறிவித்துவிட்டு அங்கேயே அரசு செல் அடித்ததையும் சொல்கிறது. இறுதிக் கட்டத்தில் இறந்த மக்கள் 40,000 வரை இருக்கலாம் என்கிறது. அந்தத் தொகையின் பெரும்பகுதி அவள் மாமாவைப் போன்றவர்கள்தாம்.

*

ஹாம்பர்க்கின் பாடத்தை அப்படியே தமிழருக்குப் பெயர்த்து வைத்துவிட முடியாது. இங்கே கல் இன்னும் நிற்கிறது. நிற்கும் கல்லோடு வாதாடலாம். கோப்பாய்த் துயிலும் இல்லத்தின் கல்லறைகளைத் தரைமட்டமாக்கி, 2011இல் அதன்மேல் ராணுவத் தலைமையகம் கட்டினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரி 8 இரவில் இடித்தார்கள். மாணவர்களின் எதிர்ப்புக்குப் பிறகே மறுபடி கட்ட முடிந்தது. 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். கல்லறை இழந்த தாயிடம் போய், உங்கள் மகனுக்கான பாட்டில் இன்ன குறை இருக்கிறது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அரசு ஒரு பக்கத்து நினைவை இடிக்கிறபோது, நாம் மறுபக்கத்தைப் பற்றிப் பேசினாலே அது இடிப்பவனுக்குக் கைகொடுப்பதாகத் தோன்றுகிறது. புலம்பெயர்ந்த மேடைகளில் சிவரமணி அதிகம் ஒலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

ஆனாலும் ஜெர்மனியின் நவம்பரிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். போரில் இறந்தவர்களுக்காக இங்கே ஒரு துக்க நாள் உண்டு. 1934இல் அதன் பெயரை வீரர் நினைவு நாள் என்று மாற்றிக் கொடிகளை முழுக் கம்பத்தில் ஏற்றினார்கள். போருக்குப் பிறகு பெயர் மறுபடி துக்க நாளானது. 1952 முதல் அது நவம்பரில் வருகிறது. சிப்பாயோடு குண்டில் இறந்த குழந்தையையும் முகாமில் இறந்த கைதியையும் அன்று சேர்த்து நினைக்கிறார்கள். ஓல்ஸ்டோர்ஃப் மயானத்தில் 1943 குண்டுவீச்சில் இறந்தவர்களின் கூட்டுப் புதைகுழி இருக்கிறது. பல உடல்களுக்குப் பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் எரிந்துபோன பேட்டைகளின் பெயர்களை மரக் கட்டைகளில் செதுக்கி மேலே வைத்திருக்கிறார்கள். ஆள் பெயர் இல்லாத இடத்தில் ஊர்ப் பெயர். புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, பொக்கணை, வலைஞர்மடம் என்று நம்மிடமும் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன.

இதற்குக் கல்தான் வேண்டும் என்பதில்லை. முள்ளிவாய்க்காலுக்குக் கஞ்சி போதுமாக இருக்கிறது. அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த அந்தக் கஞ்சி போராளிக்கும் மற்றவருக்கும் வேறு வேறாகக் காய்ச்சப்படுவதில்லை. கவிதையும் அப்படி ஒரே பானையில் வரலாம். புதுவையின் பாடல் ஒலிக்கும் மேடையில் அடுத்ததாகச் சிவரமணியை வாசிக்கலாம். அதற்கடுத்து 256ஆம் புறப்பாட்டை வாசிக்கலாம். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றை வைக்கச் சொல்லவில்லை. என் தொழிலில் பழைய நிரலை அழித்துவிட்டுப் புதியதை வைத்தால் நிறுவனமே நின்றுவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு எங்கே முரண்படுகின்றன என்று பார்ப்போம்.

அந்தப் பெண் நவம்பர் நிகழ்வில் வேறொருவரின் கவிதையை வாசித்தாள். அம்மம்மாவைப் பற்றித் தானே எழுதத் தொடங்கியிருக்கிறாள், ஜெர்மன் மொழியில். கிடங்கு என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே விட்டிருப்பதாகச் சொன்னாள். அது முடிந்து தமிழுக்கு வரும்போது, மகன் ஓடவில்லை என்று மகிழ்ந்த கிழவிக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க எனக்கு ஒரு தாய் கிடைப்பாள்.